தூதரக முத்திரை இருந்தும் பவர் பத்திரம் ஏன் திரும்பி வருகிறது?

துபாயில் இருக்கும் அண்ணன் இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போய், டோக்கன் எடுத்து, பணம் கட்டி, அதிகாரி எதிரில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வாங்கிப் பவர் பத்திரத்தைக் கூரியரில் அனுப்பிவிடுகிறார். தண்டையார்பேட்டையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்காரர் அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால், ரெண்டு பக்கம் புரட்டிவிட்டு, "அட்ஜூடிகேஷன் ஆகலையே சார், முத்திரை போட்டுட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். முத்திரைதான் பளிச்சென்று இருக்கிறதே, இன்னும் என்ன முத்திரை? அங்கே தொடங்குகிறது குழப்பம். அடுத்து வாட்ஸப்பில் அண்ணனுக்கும் மச்சானுக்கும் சண்டை.

இதில் யார் சொன்னதும் தவறில்லை. கோளாறு அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. தமிழில் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதும் முத்திரைதான், அரசுக்குக் கட்டும் தீர்வையும் முத்திரைத் தீர்வைதான். தூதரகம் போட்டது முதல் முத்திரை. சார்பதிவாளர் கேட்பது இரண்டாவது. இரண்டுக்கும் சட்டம் வேறு, அலுவலகம் வேறு, பணம் வேறு, முக்கியமாக காலக்கெடுவும் வேறு.

முதலில் வார்த்தைகளைப் பிரித்துக்கொள்வோம்

1. பவர் பத்திரம்: சட்டத் தமிழில் அதிகார ஆவணம். எனக்குப் பதிலாக இன்னார் இந்தக் காரியங்களைச் செய்யலாம் என்று எழுதிக் கொடுப்பது. பல காரியங்களுக்கும் சேர்த்துக் கொடுத்தால் பொது பவர், ஒரு காரியத்துக்கு மட்டும் என்றால் ஸ்பெஷல் பவர்.

2. முகவர்: பவரை வாங்கிக்கொண்டு இங்கே கையெழுத்துப் போடப் போகிறவர். ஊரில் எல்லோரும் சொல்வது பவர் ஏஜெண்ட்.

3. சான்றொப்பம்: 'இந்த ஆள்தான் என் எதிரில் கையெழுத்துப் போட்டார்' என்று அதிகாரம் உள்ள ஒருவர் சாட்சி சொல்வது. உள்ளூரில் நோட்டரி பப்ளிக் செய்கிற வேலை. வெளிநாட்டில் தூதரக அதிகாரி செய்கிறார்.

4. அப்போஸ்டில்: ஒரு நாட்டின் நோட்டரியோ அதிகாரியோ போட்ட கையெழுத்து உண்மையானது என்று அந்த நாட்டு அரசு தரும் சான்று. 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே செல்லும். இந்தியாவில் இது நடைமுறைக்கு வந்தது 2005 ஜூலையில்.

5. அட்ஜூடிகேஷன்: இந்தக் காகிதத்துக்கு எவ்வளவு முத்திரைத் தீர்வை என்று அதிகாரி முடிவு செய்து, பணத்தை வாங்கிக்கொண்டு, 'தீர்வை முழுதும் செலுத்தப்பட்டது' என்று பத்திரத்தின் மேலேயே எழுதித் தருவது. வடசென்னை ஆட்களுக்கு இந்த வேலை நடக்கும் இடம் ராஜாஜி சாலையில் இருக்கும் மாவட்டப் பதிவாளர் அலுவலகம்.

ஒரு விஷயத்தை ஓரமாக வைத்துவிடலாம். இங்கே படித்த டிகிரி சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ் இவற்றை வெளிநாட்டில் காட்டுவதற்காக அட்டெஸ்டேஷன் வாங்குகிறோமே, அது எதிர்த்திசை. அதற்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தமில்லை. இங்கே பேசுவது அங்கே எழுதி இங்கே வரும் காகிதங்களைப் பற்றி மட்டும்.

தூதரக அதிகாரி எப்படி நோட்டரி ஆனார்

வியன்னாவில் 1963ஆம் ஆண்டு கையெழுத்தான தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 5ஆவது பிரிவு, துணைத் தூதரக அதிகாரிகளின் வேலைகளில் நோட்டரி வேலையையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. நம் நாடு அதற்கு முன்பே சட்டம் போட்டுவிட்டது. 1948ஆம் ஆண்டின் தூதரக அதிகாரிகள் (உறுதிமொழி மற்றும் கட்டணங்கள்) சட்டத்தின் 3ஆவது பிரிவின்படி, இந்தியாவுக்குள் ஒரு நோட்டரி செய்யக்கூடியதை வெளிநாட்டில் நம் தூதரக அதிகாரியும் செய்யலாம், அதோடு அவருடைய கையெழுத்தும் முத்திரையும் உண்மைதானா என்று தனியாக நிரூபிக்காமலே அந்தக் காகிதத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். பத்திரப் பதிவுக்கு 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 33ஆவது பிரிவு இருக்கிறது. பவர் கொடுப்பவர் இந்தியாவில் குடியிருக்கவில்லை என்றால் நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, மாஜிஸ்திரேட், இந்தியத் தூதரக அதிகாரி ஆகியோரில் ஒருவர் முன் கையெழுத்துப் போட்டுச் சான்று வாங்கிய பவர் செல்லும் என்கிறது.

எல்லாச் சட்டத்திலும் ஒரு விஷயம் பொதுவாக இருப்பதைப் பாருங்கள். கையெழுத்து யாருடையது என்பது மட்டும்தான் பேச்சு. உள்ளே எழுதியிருப்பது நியாயமா, சொத்து உண்மையில் அவருடையதா, தீர்வை கட்டியாயிற்றா, எதற்கும் தூதரகம் பொறுப்பேற்காது. பல தூதரகங்கள் அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகின்றன. சான்றொப்பம் இருக்கும் பக்கத்தை நிதானமாகப் பாருங்கள்: போட்டோவில் பாதியும் தாளில் பாதியுமாக விழுந்த வட்ட முத்திரை, பதிவேட்டு எண், தேதி, வாங்கிய கட்டணம், அதிகாரியின் பெயர், இவற்றுக்குக் கீழே அல்லது பக்கத்தில் 'ஆவணத்தின் உள்ளடக்கத்துக்குத் தூதரகம் பொறுப்பல்ல' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. யாரும் அதைப் படிப்பதில்லை. படித்திருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும்.

தூதரகம் இந்திய மண் என்ற நம்பிக்கை

'தூதரக காம்பவுண்டுக்குள் கால் வைத்தால் அது இந்தியா' என்று சினிமா பார்த்து வளர்ந்த நாம் எல்லோரும் நம்புகிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி தூதரக வளாகத்துக்குள் அந்த நாட்டுப் போலீஸ் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது, அவ்வளவுதான். நிலம் அந்த நாட்டுடையதே.

இது வெறும் பொது அறிவுத் துணுக்கு இல்லை, நம் பிரச்சினையின் மையமே இதுதான். துபாய் துணைத் தூதரகத்தில் போட்ட கையெழுத்து, முத்திரைச் சட்டத்தின் பார்வையில் 'இந்தியாவுக்கு வெளியே எழுதிய ஆவணம்'. இந்தியாவுக்குள் எழுதும் பத்திரத்துக்குக் கையெழுத்துப் போடும் முன்னாலோ, போடும்போதோ தீர்வை கட்டியிருக்க வேண்டும். வெளியே எழுதியதற்கு 1899ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 18ஆவது பிரிவு ஒரு சலுகை தருகிறது: காகிதம் இந்தியாவுக்கு முதன்முதலாக வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கட்டினால் போதும். அங்கேயே ஏன் கட்ட முடியாது என்று சிலர் கேட்கிறார்கள். தூதரகத்தில் நீங்கள் கட்டுவது தூதரகச் சேவைக்கான கட்டணம். அதில் ஒரு பைசாகூடத் தமிழ்நாட்டுப் பதிவுத்துறைக்குப் போவதில்லை.

நூறு ரூபாய் முத்திரைத்தாளை இங்கிருந்து வாங்கித் துபாய்க்குக் கூரியர் செய்யும் குடும்பங்களும் இருக்கின்றன. பெரும்பாலும் வீண் அலைச்சல். தூதரகத்துக்கு வெள்ளைத்தாள் போதும். அந்த நூறு ரூபாய்த் தாளில் எழுதிவந்தாலும், உரிய தீர்வை அதுதானா என்ற கேள்வி மறுபடி ராஜாஜி சாலையில்தான் முடியும்.

மூன்று மாதக் கணக்கு

இதில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1. கணக்கு தொடங்குவது கையெழுத்துப் போட்ட நாளில் அல்ல, காகிதம் இந்தியாவுக்கு வந்த நாளில். ஜனவரியில் கையெழுத்தானது ஏப்ரலில் வந்து சேர்ந்தால் ஏப்ரலிலிருந்து மூன்று மாதம்.

2. வந்த நாளை நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே கூரியர் கவரைக் கிழித்துக் குப்பையில் போடாதீர்கள், ரசீதோடு பத்திரத்தின் பின்னாலேயே வைத்துவிடுங்கள். யாராவது கையில் கொண்டுவந்தால் அவருடைய பாஸ்போர்ட்டில் இமிகிரேஷன் முத்திரை உள்ள பக்கத்தின் நகல், இல்லாவிட்டால் போர்டிங் பாஸ்.

3. மூன்று மாதம் தாண்டிவிட்டால், அதே முத்திரைச் சட்டத்தின் 32ஆவது பிரிவின்படி அதிகாரி 'தீர்வை முழுதும் செலுத்தப்பட்டது' என்ற சான்றை எழுதித் தர முடியாது. அப்புறம் அது தீர்வை குறைந்த ஆவணம். தீர்வை குறைந்த ஆவணத்தைப் பறிமுதல் செய்யலாம், அபராதம் பத்து மடங்குவரை போகலாம், அதைக் கட்டாமல் கோர்ட்டில் சாட்சியமாகக் காட்ட முடியாது. இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள் கடைசியில் புதிதாக ஒன்று எழுதி அனுப்பச் சொல்வதைத்தான் சுலபம் என்று நினைக்கிறார்கள். அங்கே மறுபடி டோக்கன், லீவு, டாக்ஸி.

4. பவர் வந்தாயிற்று, வாங்குகிற பார்ட்டி கிடைத்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று பீரோவில் வைப்பதுதான் பெரிய தப்பு. பார்ட்டி கிடைக்க ஒரு வருஷம்கூட ஆகலாம். அட்ஜூடிகேஷனை வந்த வாரமே முடித்துவிட்டால் பிறகு நிதானமாகப் பார்ட்டி தேடலாம்.

தொகை எவ்வளவு என்பது பவர் யாருக்கு, எதற்கு, விற்கும் அதிகாரத்துக்காகப் பணம் கைமாறியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. குடும்பத்தாருக்கு ஒரு கணக்கு, வெளியாளுக்கு இன்னொரு கணக்கு. அதனால் உறவு முறையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுங்கள், 'என் உடன்பிறந்த தங்கை' என்றால் அப்படியே.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2012ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்துக்குப் பிறகு அசையாச் சொத்து சம்பந்தமான பவரை இங்கே கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், ஆனால் வெளிநாட்டில் எழுதியதற்கு அதில் விலக்கு இருக்கிறது. தூதரகச் சான்றும் அட்ஜூடிகேஷனும் சேர்ந்தால் வேலை ஓடும்.

துபாய் அண்ணனுக்கு ஒரு வழி, சிங்கப்பூர் தம்பிக்கு இரண்டு வழி

ஒரு சாதாரண நிலைமையை எடுத்துக்கொள்வோம். அப்பா பேரில் தண்டையார்பேட்டையில் ஒரு வீடு, அப்பா இல்லை, வாரிசு சான்றிதழில் மூன்று பிள்ளைகள். அண்ணன் துபாய், தம்பி சிங்கப்பூர், தங்கை இங்கேயே. வீட்டை விற்க மூன்று பேர் கையெழுத்தும் வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகம் ஹேக் உடன்படிக்கையில் இல்லை. ஆகவே அண்ணனுக்கு அப்போஸ்டில் என்ற பேச்சே கிடையாது. அங்குள்ள நோட்டரி, பிறகு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம், பிறகு நம் தூதரகம் என்று மூன்று படி ஏறலாம்தான், ஆனால் நேரே நம் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போடும் வசதி இருக்கும்போது யார் அப்படி அலைவார்கள்?

சிங்கப்பூரில் 2021 செப்டம்பரிலிருந்து அப்போஸ்டில் நடைமுறையில் இருக்கிறது. தம்பி இந்தியத் தூதரகத்துக்கும் போகலாம், அல்லது உள்ளூர் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு, சிங்கப்பூர் சட்டக் கழகத்திடம் அப்போஸ்டில் வாங்கியும் அனுப்பலாம். சவூதி 2022 டிசம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும் இதில் சேர்ந்தன, ஆகவே அங்கே இருப்பவர்கள் பழைய அனுபவத்தை வைத்து யோசனை சொல்லும் நண்பர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கலாம்.

அப்போஸ்டிலைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துகொள்வது சுலபம். ஒரு கட்டத்துக்குள் ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட வரிகள், மேலே தலைப்பில் உடன்படிக்கையின் பெயர் பிரெஞ்சில். பத்து வரிகள் இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. 'எதற்கும் இருக்கட்டும்' என்று தூதரகச் சான்றையும் வாங்கி, அதன்மேல் அப்போஸ்டிலும் கேட்கிறார்கள் சிலர். கிடைக்காது. தூதரக அதிகாரிகள் தரும் ஆவணங்களுக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது என்று அதன் முதல் பிரிவே சொல்லிவிட்டது. ஏதாவது ஒரு வழிதான்.

எது நல்லது? இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருந்தால் என் ஓட்டு தூதரகத்துக்குத்தான். நம் ஊர் அலுவலகங்களில் சிங்க முத்திரைக்கு இருக்கும் மரியாதை வெளிநாட்டு நோட்டரியின் சிவப்பு ஸ்டிக்கருக்கு இல்லை, ஒவ்வொரு மேஜையிலும் 'இது என்ன?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். குடியுரிமை மாறிவிட்டவர்களுக்கு நிலைமை வேறு. அவர்களுக்கு நோட்டரியும் அப்போஸ்டிலுமே பல சமயம் நேரான வழி.

எந்த வழியில் வந்தாலும் மூன்று மாதக் கணக்கும் அட்ஜூடிகேஷனும் பொதுதான். அப்போஸ்டில் இருந்தால் தீர்வை வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கவுண்டரில் திருப்பி அனுப்புவது எதற்காக

பல நாடுகளில் தூதரகம் இந்த வேலையை வெளிச்சேவை மையங்களிடம் விட்டிருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்கிறவர், பட்டியலில் ஒன்று குறைந்தாலும் அனுப்பிவிடுவார்.

1. வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போவது. எதிரில் போடாத கையெழுத்துக்கு எப்படிச் சாட்சி சொல்வார்? கையெழுத்து இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள்.

2. சாட்சிகள். சில இடங்களில் இரண்டு சாட்சிகளும் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும், சில இடங்களில் வேண்டாம். அந்தந்தத் தூதரகத்தின் இணையதளத்தை முதல்நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் மட்டும் போட்டால், நடுவில் ஒரு தாளை மாற்றினாலும் தெரியாது. இது உங்கள் பாதுகாப்புக்கும்தான்.

4. வீடியோ காலில் காட்டுவது, வேறு ஆளை அனுப்புவது. நடக்காது.

முத்திரையெல்லாம் சரி, எழுதியது தப்பு

தூதரகம் உள்ளடக்கத்தைப் பார்க்காது என்று சொன்னோம் இல்லையா, அதன் விலை இங்கேதான் தெரியும். பாரிமுனை டைப்பிங் கடையில் வேறு யாருக்கோ அடித்த பவரில் பெயரை மட்டும் மாற்றி மெயிலில் அனுப்புவது நம் ஊர் வழக்கம். தப்பு தெரியும்போது காகிதம் இரண்டு கடல் தாண்டி வந்திருக்கும்.

முதல் இடறல் பெயர். பழைய பத்திரத்தில் 'மு. ஏழுமலை', பாஸ்போர்ட்டில் 'ஏழுமலை முனுசாமி'. நமக்கு இது ஒரே ஆள். கவுண்டரில் இருப்பவருக்கு இரண்டு பேர். பாஸ்போர்ட்டில் இருப்பதைப்போலவே முழுப்பெயரை எழுதி, கூடவே 'பத்திரங்களில் மு. ஏழுமலை என்று குறிப்பிடப்படுபவரும் நானே' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் முடிந்தது. அந்த வரி இல்லாததால் தனியாக ஒரு பிரமாணப் பத்திரம், அதற்கு இன்னொரு தூதரகப் பயணம்.

இரண்டாவது சொத்து விவரம். வடசென்னைத் தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. மின்வாரிய ரசீதில் பழையது, சொத்துவரி ரசீதில் புதியது. இரண்டையும் எழுதுங்கள். கிராமம், ஆர்.எஸ். எண் (மறுஅளவை எண்), பிளாக் எண், பரப்பு, செக்குபந்தி (நாலெல்லை) எல்லாவற்றையும் தாய்ப்பத்திரத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எடுங்கள், வில்லங்கச் சான்றோடு ஒப்பிடுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதிய நாலெல்லையில் கிழக்கும் மேற்கும் இடம் மாறிப்போவது புதிதில்லை.

மூன்றாவது அதிகாரங்கள். 'விற்க' என்று எழுதிவிட்டால் முன்பணம் வாங்க, ரசீது தர, பத்திரத்தைத் தாக்கல் செய்ய, பதிவாளர் முன் ஒப்புக்கொள்ள எல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். மறுபக்கம், விற்பதற்கு மட்டும் பவர் கொடுக்க நினைத்தவர், டைப்பிங் கடை மாதிரியில் இருந்த 'அடமானம் வைக்கவும் தானம் செய்யவும்' என்ற வரியைக் கவனிக்காமல் கையெழுத்துப் போடுவதும் நடக்கிறது. பணம் யார் கணக்குக்குப் போக வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். சொந்தத் தங்கை வீட்டுக்காரர்தானே என்று கூச்சப்படுவதில் அர்த்தமில்லை, கூச்சப்படாமல் எழுதினால்தான் உறவு கெடாமல் இருக்கும்.

அரசு வாரியம் ஒதுக்கிக் கொடுத்த வீடு என்றால் இன்னும் ஒரு படி பின்னால் போக வேண்டும். ஒதுக்கீட்டு ஆணை மட்டும் இருந்து கிரயப் பத்திரம் (விற்பனைப் பத்திரம்) வாங்காத வீட்டுக்கு விற்கும் பவர் எழுதி எந்தப் பயனும் இல்லை. முதலில் வாரியத்திடமிருந்து கிரயப் பத்திரம் வாங்குவதற்கான பவர்.

பவர் எப்போது செத்துப்போகும்

பவர் என்பது ஆளோடு சேர்ந்தது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவுப்படி கொடுத்தவர் இறந்துவிட்டால் முகவரின் அதிகாரமும் முடிந்தது. முகவருக்கே அந்தச் சொத்தில் உரிமை இருக்கும் சில நிலைமைகளுக்கு 202ஆவது பிரிவு விலக்கு தருகிறது, சாதாரணக் குடும்ப பவர் அதில் வராது. இன்னொன்று: பொது பவர் வாங்கிவிட்டேன், வீடு என்னுடையது என்று யாராவது சொன்னால், 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைச் சொல்லுங்கள். பவரை வைத்து உரிமை மாறாது, பதிவான கிரயப் பத்திரம் வேண்டும்.

இதனால்தான் பவரை வைத்து விற்கும்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றைச் சார்பதிவாளர் கேட்கிறார். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் அதையும் அங்கிருந்துதான் வாங்கி அனுப்ப வேண்டும், அது பழைய தேதியில் இருந்தால் ஏற்கமாட்டார்கள். ஆகவே பவரோடு சேர்த்து அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் மாதிரித் தெரிந்தாலும் பலிக்காது. கிரயத் தேதி முடிவான பிறகு, அதை ஒட்டி வாங்குங்கள்.

கொடுத்த பவரை ரத்து செய்யவும் இதே பாதைதான்: தூதரகம், கூரியர், ராஜாஜி சாலை. முகவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு நகல் போக வேண்டும், சொத்து இருக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மச்சானுக்கு வாட்ஸப்பில் 'பவர் கேன்சல்' என்று அனுப்பினால் ஆகாது.

லீவில் வருகிறவர்களுக்கு

இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் ஊருக்கு வரப்போகிறீர்கள், விற்பனையும் அவசரமில்லை என்றால், தூதரகத்துக்கே போக வேண்டாம். வந்த இரண்டாம் நாள் பாஸ்போர்ட், ஆதார், இரண்டு சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து கைரேகை வைத்து, போட்டோ எடுத்து, பவரை இங்கேயே பதிவு செய்துவிடுங்கள். அது இந்தியாவில் எழுதிய ஆவணம். அட்ஜூடிகேஷன் இல்லை, மூன்று மாதக் கணக்கு இல்லை, கூரியர் கவரைப் பத்திரப்படுத்தும் வேலையும் இல்லை.